றோசியை ஒழுங்காய் ஒரு படம்

மாசி 9, திங்கள்

காலையில் பனி. கடற்கரைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வாங்க வேண்டியது: பால்மா, றோசியின் மருந்து, மண்ணெண்ணெய்.

கமெரா வந்து சேர்ந்தது. றோசியின் மகள் நிலானி, கனடாவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். நேற்றுப் போனில் சொன்னது: "பெரியம்மா, அம்மாவை ஒழுங்கா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. பெரிசாக்கி மாட்டோணும். என்னட்டை அவவின்ரை படம் ஒண்டும் இல்லை."

உண்மை. அல்பங்கள் எல்லாம் சண்டைக்காலத்தில் பதுங்குகுழியோடு போயின. மிஞ்சியது அடையாள அட்டையில் உள்ளது. அதில் என் தங்கச்சி றோசி பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி.

றோசிக்கு இருதயம் பழுது, அதிக நாள் இல்லை என்று டொக்டர் சொன்னதை நிலானிக்கு நான் சொல்லவில்லை. றோசிக்கும்தான்.

மாசி 10, செவ்வாய்

வெயில். கமெராவின் கைநூல் முழுதும் ஆங்கிலம். கன்னியர் மடத்து ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்கவில்லை. எனக்காக எழுதி வைப்பது:

துளை. வில்லைக்குள் வெளிச்சம் போகும் வழி. எண் கூடினால் துளை சிறிது. யார் இப்படித் தலைகீழாக வைத்தார்களோ. துளை பெரிதானால் முகம் மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் மங்கல்.

ஷட்டர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. 60 என்றால் செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. அசையும் ஆளுக்கு 250 வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. இருட்டில் கூட்டலாம். கூட்டினால் முகத்தில் மணல் தூவினது போல் வரும்.

மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிக்கட்ட வேண்டும்.

முதுகு உளைவு. புளிக்கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மாசி 11, புதன்

முதல் முயற்சி. விறாந்தை இருட்டு. றோசி கதிரையில். பின்சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். எட்டு எடுத்தேன். கமெரா தானாகச் சுவரைப் பிடித்துக்கொண்டது. ஆண்டவர் இமை மயிர் வரை தெளிவு, றோசி புகை.

காட்டினேன். "பரவாயில்லை அக்கா, பெரிய ஆள் வடிவா வந்திட்டார்."

எட்டையும் அழித்தேன். பிழையான வேலையை வைத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மடத்தில் ஒரு தையல் கோணினாலும் சிஸ்டர் முழுவதையும் பிரிக்கச் சொல்வா.

தெரிந்துகொண்டது: திரையில் வரும் குறியை அவள் கண்ணில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, பிறகு முழுதும்.

மாசி 13, வெள்ளி

வேப்பமர நிழல். நல்ல வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. 200. ஆனால் ஷட்டரை 30இல் விட்டுவிட்டேன், என் கவனயீனம். றோசியின் வலக்கை நடுக்கம் இப்போது தோள் வரை வந்துவிட்டது. நேரே இரு, நாடியைத் தூக்கு, தலைமயிரை ஒதுக்கு என்று நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் நடுங்கினாள்.

மீன் விற்கும் பிலோமினா கூடையோடு வந்து வாசல் படலையில் நின்று பார்த்தாள். "என்னம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கோ படம்? அப்பிடியெண்டா பல்லைப் போடச் சொல்லுங்கோ."

றோசி சிரித்துவிட்டாள். பல்செட் உள்ளே கோப்பையில் கிடந்தது. நான் அந்த நேரம் அழுத்திவிட்டேன்.

கண் மூடி. வாய் பல்லில்லா வெறும் முரசு. பொத்தப் போன கை ஒரே கோடு, கையென்றே தெரியாது.

றோசி வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அக்கா, இது எங்கடை அம்மான்ரை சிரிப்பு. இதையே அனுப்புங்கோ."

பல்லில்லாமலோ, நிலானியின் வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். நாளைக்கு நீலச்சேலை உடுத்து ஒழுங்காக எடுப்போம் என்றேன். குப்பைக்கூடைக் குறியை அழுத்தினேன். உறுதியா என்று கமெரா கேட்டது. ஓம்.

றோசி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மாசி 14, சனி

வானம் மூடம். றோசிக்கு எழும்ப ஏலவில்லை. நீலச்சேலை அயர்ன் பண்ணினது கதிரையில் கிடக்கிறது. நாளைக்கு.

மாசி 16, திங்கள்

ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல். பங்குச் சுவாமி வந்து கடைசி எண்ணெய் பூசினார். றோசி என்னிடம் கேட்டாள்: "அக்கா, கோழி அடைச்சனீங்களோ?" வேறு கதை இல்லை. விடிய நாலரைக்கு மூச்சு நின்றது.

மாசி 18, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். இன்றே அடக்கம்.

நிலானிக்கு வரமுடியவில்லை. வரமுடியாத பிள்ளைகளுக்குப் பெட்டியோடு சனம் நின்று படம் எடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டணத்துப் படக்காரர் வேறு செத்தவீட்டில். "நீங்களே எடுங்கோவன் அம்மா, உங்களிட்டைத்தானே கமெரா இருக்கு," என்றாள் பிலோமினா. 

எடுத்தேன். கதிரை முதுகில் கமெராவை ஊன்றி. ஐ.எஸ்.ஓ. 100. துளை 8. ஷட்டர் கால் செக்கன். சுற்றி நின்றவர்கள் அசைந்து மங்கிப்போனார்கள். றோசி அசையவில்லை. செபமாலையின் ஒவ்வொரு மணியும் எண்ணலாம்.

சேமக்காலையில் புதைகுழி மண் ஈரம். காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மாசி 20, வெள்ளி

கடையில் கொடுத்துப் போனுக்கு மாற்றி நிலானிக்கு அனுப்பினேன். பின்னேரம் போன் எடுத்தாள். கொஞ்ச நேரம் அழுகை மட்டும். பிறகு கேட்டாள்.

"உயிரோடை எடுத்தது ஒண்டும் இல்லையோ பெரியம்மா? வடிவில்லாட்டியும் பரவாயில்லை."

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

போனை வைத்த பிறகு கமெராவைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை. பதினேழு படம், எல்லாம் பெட்டியோடு எடுத்தவை. பதினேழிலும் தெளிவாக இருக்கிறாள்.