ஆற்றோரம் இடமில்லை என்று சொன்ன நாள்

என் இடுப்பில் உட்கார்ந்தே வளர்ந்த தம்பி செல்வத்துக்கு,

உன் முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார்டா. பெங்களூரில், மெத்தையில் படுத்தபடி, பக்கத்தில் டாக்டர் இருக்க. அப்படி ஒரு சாவு உனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியதைச் செய்தே விட்டேன். அதை உன்னிடம் சொல்லணும். ஊரும் கேட்கட்டும்.

நான் இப்போது பஞ்சாயத்துத் தலைவி. சிரிக்காதே. நம் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், நின்றேன், ஜெயித்தேன். நாலு பேர் முன்னால் பேச நடுங்கிய உன் அக்காவைக் கேட்காமல் இன்று ஊரில் ஒரு குழாய் போட முடியாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. தென்பெண்ணைக் கரையில் தோல் பதனிடும் அந்த ஷாப்பு வந்தது ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலத்தில். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். நம் தாத்தா காடுமேடெல்லாம் அலைந்து பட்டை உரித்தார். "வேலைக்கு வரலேன்னா பட்டாளத்துக்குப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று மிரட்டியே வேலை வாங்கினாராம் உன் முதலாளியின் அப்பா. சண்டை முடிந்தது, ஷாப்பு முடியவில்லை. பட்டை போய் கெமிக்கல் வந்தது. ஆறு நுரைத்தது, கிணறு உப்புக் கரித்தது, வயல் வெளுத்தது. வயல் போன பிறகு அந்த ஷாப்பை விட்டால் நமக்கு வேறு என்ன இருந்தது? முதலாளியின் அப்பாவான அந்தப் பெரியவரை ஆற்றோரம் புதைத்து, 'யுத்த காலத்தில் நாட்டுக்கு உழைத்தவர்' என்று பளிங்கில் வெட்டி வைத்தார்கள். உழைத்தது யார்டா?

உன் கதை எல்லோருக்கும் தெரியும், பொய்யாகத் தெரியும். ஷாப்பின் கழிவுத் தொட்டியில் அடைப்பு என்று உன்னை இறக்கினார்கள். கயிறு இல்லை, முகமூடி இல்லை. விஷவாயு தாக்கி நீ உயிரோடு மேலே வரவே இல்லை. உடம்பு சூடு ஆறுவதற்குள் "குடிச்சிட்டு வுழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டார்கள். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத உன் சட்டையில் அன்று சாராய வாடை அடித்தது. ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. குழாயடியில் அம்மாவுக்குக் குடிகாரன் அம்மா என்றே பேராகிப் போனது.

பிறகு ஷாப்பை மூடினார்கள். முதலாளி வீட்டாரும் ஊரை விட்டுப் போனார்கள். போன மாசம் முதலாளியின் உடம்போடு அவர் மகன் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். அப்பாவை அவருடைய அப்பா பக்கத்திலேயே புதைக்கணுமாம். அது பொறம்போக்கு நிலம். அதனால் நான் சம்மதிக்கணும். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரே கூடிவிட்டது.

"அம்மா, நீங்க பெரிய மனசு பண்ணணுங்க" என்று கும்பிட்டார். என்னைப் பார்த்து அவர்கள் வீட்டுக் கை கூப்பியது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு கேக்கறேங்க. எந்தம்பி அன்னிக்குக் குடிச்சிருந்தானா?"

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் பழைய கதைங்க..."

"எங்க வூட்ல அது தெனமும் நடக்கறதுங்க. சத்தமாச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "குடிக்கலீங்க. மேல தூக்கிப் போட்டப்புறம் எங்க ஷாப்பு மேஸ்திரிதான் அவன் வாயில சாராயத்த ஊத்துனார். அப்பா ஊத்தச் சொன்னார். நான் பக்கத்துலதாங்க நின்னேன்."

செத்த உன் வாயில்! அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன்னைக் குடிகாரன் என்றவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்தேன். ஒருத்தராலும் என் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஆத்தோரம் எடுத்துட்டுப் போலாங்களா?" என்றார்.

"தருமபுரிக்கு எடுத்துட்டுப் போங்க. கரண்ட் சுடுகாடு இருக்குது. ஆத்தோரம் இடமில்லீங்க."

"நீங்க கேட்டதச் சொன்னேனேம்மா!"

"சொன்னா வுடறேன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

வண்டி திரும்பியது. அந்த மனுஷனின் உடம்பு அப்பன் பக்கத்தில் படுக்க முடியாமல் புழுதியில் போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அம்மாதான் சாப்பிடவில்லை. "பொணத்துகிட்ட என்னாடி பகை உனக்கு?" என்று கேட்டாள். உன்னைப் பெற்றவளே அப்படிக் கேட்டுவிட்டாள். உன் பிணத்தோடு அவர்களுக்கு மட்டும் என்ன பகை இருந்தது, சொல்லு? அவள் கேட்டது இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தட்டும். மறுபடி அந்த மகன் வந்து நின்றாலும் இதையேதான் சொல்லுவேன்.

இன்னொன்று. அந்த மேஸ்திரி சாகவில்லைடா. காரிமங்கலத்தில் மாடி வீடு கட்டி இருக்கிறான். வாரம் தவறாமல் வெள்ளை வேட்டியில் சந்தைக்கு வருகிறான். நாலு பேர் அவனைக் கும்பிடுகிறார்கள். அடுத்த சந்தைக்கு நானும் போகிறேன். கூட்டம் நெரியும் நேரத்தில் எதிரே மறித்து நின்று, எந்தக் கையால் ஊற்றினாய் என்று கேட்பேன். வாயைத் திறந்து அவன் சொல்லும்வரை வழி விட மாட்டேன். அங்கிருந்து நேராக போலீஸ் ஸ்டேஷன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த, இன்னும் மனசு ஆறாத உன் அக்கா