உள்ளே பச்சை, வெளியே சிவப்பு

அன்புள்ள தமயந்தி அக்காவுக்கு,

தங்கை தேவயானி எழுதுவது. நானும் நைனாவும் நலம். அம்மா இங்கே இல்லை. நைனா கூடத்தில் தூங்குகிறார். போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. சமையல்கட்டில் உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டில் கிழித்த தாளில் எழுதுகிறேன். உன்னோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கவிதா அக்கா லீவு முடிந்து விடியற்காலை பஸ்ஸில் ஓசூர் கிளம்புகிறாள். பால் வாங்கப் போகும்போது அவளிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

உன் பிள்ளை மணி திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மூன்று நாள் ஆகிறது. மூச்சுக்கு மாஸ்க் வைத்திருக்கிறார்கள். அம்மா கூட இருக்கிறாள். பிள்ளை தூங்குகிறான், வீடியோவுக்கு டவர் இல்லை என்று நைனா உன்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

பள்ளிக்கூடத்தில் பிரபுதாஸ் சார் காற்றை அளக்கும் பெட்டி இரண்டு கொடுத்தார் அல்லவா, வீட்டுக்குள் ஒன்று, வெளிச்சுவரில் ஒன்று. காற்றில் புகை தூசி எவ்வளவு என்று எண்ணும் நிறமும் காட்டுமே, நீயும் டீ பிரேக்கில் போனில் பார்ப்பாயே, அதுதான். ஆயுத பூஜை அன்று மிக்சி, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். "அந்தப் பொட்டிக்கும் வைடி, அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு" என்று அம்மா சிரித்தாள். உள்ளே இருந்த பெட்டியின் நடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும். அந்த இடம்தான் நெற்றி மாதிரி இருந்தது. கெட்டியாக அப்பினேன். வெளிப் பெட்டி எட்டவில்லை, விட்டுவிட்டேன்.

மறுநாள் ரயில்வே லைன் ஓரம் குப்பைமேடு எரிய ஆரம்பித்தது. நீ போன் செய்து, "வெளிய செவப்பு காட்டுது, உள்ள பச்சை. மணிய வெளிய தூக்காதீங்க, ஜன்னலெல்லாம் சாத்துங்க" என்றாய். சாத்தினோம். கதவிடுக்கில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. அம்மா எப்போதும்போல அவனைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டாள். ராத்திரி கொசுவத்தி. எனக்குக் கண் எரிந்தது. போனைப் பார்த்தேன். நான்கு என்று பச்சையில் இருந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மணியின் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. அவன் அழக்கூட இல்லை. ஆட்டோவில் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் சார் வந்தார். உள்பெட்டி நான்கிலேயே நிற்கிறதே என்று பார்க்க வந்தாராம். "இன்னாம்மா, இதுக்கும் பொட்டு வெச்சிட்டீங்களா" என்று சிரித்து, ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தார். எண் இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போனது. குழந்தை எங்கே என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் இதைச் சொல்லும்படி நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம், உள்ளே ஏன் திடீரென்று சிவப்பு என்று நீ போனில் கேட்டாய். "தாளிச்சோம்மா, கருகிப்பூட்ச்சு" என்றார் நைனா. போனை வைத்துவிட்டுச் சந்தனம் குழைத்து அதே இடத்தில் மறுபடியும் அப்பினார். "இந்த மாசம் போனா அவ வேல பர்மனென்ட். இப்ப ஓடியாந்தா அதுவும் பூடும். நீ வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்" என்றார். நீ இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் பச்சை அதுதான்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன். யாராவது கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழுகிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணி என் விரலைப் பிடித்தான். பிடி முன்பு மாதிரி இல்லை.

நீ திருத்தணிக்கு வராதே. நேரே திருவள்ளூர் போ. இரண்டாம் மாடி, குழந்தைகள் வார்டு, கதவு ஓரக் கட்டில். நான் எழுதித்தான் தெரியும் என்று நைனாவிடம் நீ சொல்லிக்கொள்ளலாம். அம்மாவை மட்டும் ஒன்றும் கேட்காதே. சந்தனம் வைத்தது நான்.

மலைமேல் இருப்பவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். இதைப் படித்ததும் கிளம்பு. லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே.

உன் தங்கை,
தேவயானி