சரண் செய்த பலகைக் கத்தி

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உமாவுக்குக் கோபம், மழை மேலா என் மேலா தெரியவில்லை.

மேட்டகள்ளியில் ஜோசப் அண்ணன் ஷெட். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடம். வார நாட்களில் மோட்டார் வேலை, ஞாயிறானால் கத்தி. தனக்கும் எனக்கும் என் நண்பன் பிரபுவுக்கும் இன்னொருவருக்குமாக நாலு மடக்காத காட்டுக் கத்தி செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே தகட்டில் வெட்ட வேண்டும் என்பதால் நாலும் ஒரே வடிவம். வடிவத்தை இன்று முடிவு செய்வதாக ஏற்பாடு.

என் வரைபடத்தை உறை போட்டு எடுத்துப் போனேன். என்னுடையது என்று சொல்லக்கூடாது. பிரபுவும் நானும் எத்தனையோ காட்டு முகாம்களில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணில் குச்சியால் கீறிக் கீறி வந்த வடிவம். வேப்பிலை மாதிரி அலகு. பிடிக்கு முன்னால் சின்னத் தடுப்பு, விரல் முன்னே போகாமலிருக்க.

பிரபு ஒரு ஆளைக் கூட்டி வந்தான். சரண். பெங்களூர்ப் பையன், பிரபுவின் ஆபீசில் புதிது. நாலாவது கத்தி இவனுக்குத்தானாம், எனக்கு இன்றுதான் தெரியும். நல்ல பல்வரிசை. பையிலிருந்து காகிதம் எடுப்பான் என்று பார்த்தால் பலகையில் செதுக்கிய மாதிரியையே எடுத்தான். நேர் முதுகு, முனை மட்டும் கீழே இறங்கியது. பிடியில் தடுப்பு கிடுப்பு எதுவும் இல்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று. அதைப் பிரபுவின் கையில் வைத்தான்.

பிரபு அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"கையில ஒட்டிக்கிச்சுடா செந்திலு."

ஜோசப் அண்ணன் என் படத்தைப் பார்த்தார். "ஆயித்து, ரெண்டும் இருக்கட்டும். அடுத்த வாரம் பேசிக்கலாம்." டீ கிளாஸை அதன் மேலேயே வைத்தார்.

திரும்பும்போது பிரபு சரணின் பைக்கில். "அவன் ரூமும் நம்ம பக்கந்தான்டா." மார்டள்ளி கிராமத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பிரபு உட்கார்ந்த இடம் என் பைக்கின் பின் சீட்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பெனி பஸ் தாமதம். நஞ்சன்கூடு போய்ச் சேர்ந்ததும் திட்டு.

பிரபுவின் ஸ்டேட்டஸில் பலகைக் கத்தி. அவன் கை, ஜன்னல் வெளிச்சம், கீழே ஒரு தீ பொம்மை. எங்கள் வேப்பிலை வரைபடம் இத்தனை காலத்தில் ஒரு முறைகூட ஸ்டேட்டஸில் வந்ததில்லை.

சரணிடம் கவனித்தவை:
– எல்லோரையும் அண்ணா என்கிறான். என்னையும்.
– கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.
– டீ குடித்ததும் எல்லார் கிளாஸையும் கழுவி வைத்தான். யார் கேட்டார்கள்?
– முகாமுக்கே போனதில்லையாம். நெருப்புக்கூட மூட்டியிருக்க மாட்டான்.

நானும் பலகையில் செய்வதாக முடிவு. பழைய கட்டில் சட்டம் மாடியில் கிடக்கிறது.

ஜூன் 12, வியாழன்

என் மாதிரி முடிந்தது. மோசமில்லை. கொஞ்சம் கனம்.

மிச்சக் கட்டையில் சரணுடையதையும் செய்தேன், ஸ்டேட்டஸ் போட்டோவைப் பார்த்து. ஏன் என்று உமா கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டில் மட்டும் விட்டுவிட முடியுமா.

துணி துவைக்கும் கல்லருகே சோப்பு இருந்தது. கையில் போட்டு, சரணுடையதைப் பிடித்து, கல்லில் முனையை வைத்துக் குத்தினேன். கை வழுக்கி முன்னே போனது. இரும்பாக இருந்தால் ஆள்காட்டி விரல் போயிருக்கும்.

எவ்வளவு சந்தோஷம். இவ்வளவு இருக்கக்கூடாது.

திரும்பச் செய்தேன், வழுக்கியது. இன்னொரு முறை, வழுக்கவில்லை. முதலில் நானே கையைத் தளர்த்திவிட்டேனா? கண்ணை மூடிக்கொண்டும் செய்து பார்த்தேன். என்னை என்னாலேயே நம்ப முடியவில்லை.

உமாவிடம் கொடுத்தேன். அவளுக்கும் வழுக்கியது. "சோப்பு போட்டா எதுதான் வழுக்காது? யார் கூட உங்களுக்குப் போட்டி?"

 குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னேன். அதிகமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை, காற்று மட்டும். ஷெட் தகரம் படபடவென்று.

சொல்லிவிட்டேன். ஈரக்கையில் சரணுடைய பிடி நிற்காது, மீன் கழுவும்போதோ மழையிலோ விரலை வெட்டும் என்று. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மாதிரி நிதானமாக வரவில்லை. குரல் உயர்ந்துவிட்டது.

பிரபு சிரித்தான். "செந்திலுக்குப் பொறாமைங்ண்ணா."

ஜோசப் அண்ணனும் சிரித்தார். என் காது சுட்டது. சரண் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து குழாயடிக்குப் போனான், கையில் சோப்பு போட்டான், தன் பலகைக் கத்தியை எடுத்து மேஜையில் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்தான். மறுபடி, பலமாக. கை முன்னே சறுக்கி நிஜக் கத்தியில் கூர் இருக்கும் இடத்தில் போய் நின்றது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணா சொல்றது சரி. ஈரக்கையை நான் யோசிக்கவே இல்ல."

அவ்வளவுதான், இனி எங்கள் வடிவம்தான் என்று நினைத்தேன். படத்தைப் பிரிக்கவும் ஆரம்பித்தேன்.

அவன் பென்சிலால் பிடியின் அடியில் அரைவட்டம் போட்டு, ஜோசப் அண்ணனிடம் உருட்டு அரம் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ராவினான். ஆள்காட்டி விரல் உட்கார ஒரு குழி. மறுபடி சோப்பு. பிரபு குத்தினான், ஜோசப் அண்ணன் குத்தினார், நான் குத்தினேன். நின்றது.

பிரபு கை தட்டினான்.

எந்த வடிவம் என்று ஜோசப் அண்ணன் கேட்டபோது மூன்று கை சரணுடையதற்கு. நானும் தூக்கினேன். தனியாக உட்கார்ந்து என்ன செய்ய?

வாசலில் ஜோசப் அண்ணன்: "ஒரு விரலைக் காப்பாத்திட்ட குரு." அவன் விரலைக் காப்பாற்றி எனக்கு என்ன.

ஜூன் 17, செவ்வாய்

பிரபு இரண்டு முறை போன். எடுக்கவில்லை. மூன்றாவது எடுத்தேன்.

"என்றா, போன எடுக்க மாட்டியா?"

"வேல."

"பொறாமைன்னு சொன்னது வெளையாட்டுக்குடா."

"தெரியும்."

"நெசமாவே பொறாமையா?"

கேன்டீனில் தட்டு கழுவும் சத்தம். "ஆமா" என்றேன்.

"ஒரு கத்திக்கா?"

"கத்திக்கு இல்ல."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. "சாயங்காலம் வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

வந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உமா சுட்டுப்போட்ட தோசை எல்லாம் தின்றான். தன் மகளுக்குக் கன்னட எழுத்து சுத்தமாக வருகிறது, தமிழ் எழுத்து வரவில்லை என்று வருத்தப்பட்டான். செருப்புப் போடும்போது: "சனிக்கிழமை பிடிக்குக் கட்டை பாக்கப் போறோம். நீதான் பாத்துச் சொல்லணும்."

நெஞ்சு லேசானது.

"சரணும் வர்றான்" என்றான்.

ஜூன் 21, சனி

மரக்கடை. தேக்குத் துண்டு, கருமரத் துண்டு, பெயர் தெரியாத சிவப்பு ஒன்று. நான் கருமரம் என்றேன். சரண் உடனே சரி என்றான். வாதாடுவான் என்று தயாராகப் போயிருந்தேன். வீணானது.

மழையில் நெருப்பு மூட்டுவது எப்படி என்று கேட்டான். சொன்னேன். உள் மரத்தைச் சீவ வேண்டும், மேல்பட்டையைத் தொடக்கூடாது. முகம் மாறாமல் கடைசி வரை கேட்டான். பிரபுவிடம் இதைச் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்ப்பான்.

சரணைப் பிடித்துப்போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியவை: பால், பல்பு, உமாவுக்கு மாத்திரை. மறந்தது: மாத்திரை.

ஜூலை 13, ஞாயிறு

கத்தி தயார். ஜோசப் அண்ணன் செய்தித்தாளில் நாலையும் வரிசையாக வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு நேரே ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஆற்றங்கரை. மெல்லிய தூறல், தண்ணீர் கலங்கல்.

குறை தேடினேன், ஒளிக்காமல் எழுதுகிறேன். விறகு பிளந்தேன். கயிறு அறுத்தேன். தக்காளி, வெங்காயம். ஆற்றில் கையை நனைத்துக்கொண்டு மூங்கில் சீவினேன். அசையவில்லை. நல்ல கத்தி. வேப்பிலை அலகு இவ்வளவு நன்றாக வந்திருக்காது. முனை கனத்திருக்கும். போன மாதமே தெரியும்.

ஜோசப் அண்ணன் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிரபு விறகு பொறுக்கப் போயிருந்தான். சரண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, அடுத்தது சின்னதா ஒண்ணு செய்யலாமா? நீங்க வரையுங்க, நான் பலகையில பண்றேன். நீங்க குறை சொல்லுங்க, நான் திருத்துறேன். நாம ரெண்டு பேரும்."

பார்க்கலாம் என்றேன்.

பிரபு விறகோடு வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அப்ப நான் என்ன பண்றது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். விறகைக் கொஞ்சம் பலமாகப் போட்டான். அந்தச் சிரிப்பு எப்படி வரும், எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லியிருக்கலாம். நீ இல்லாமலா என்று சொன்னால் போதும், மார்டள்ளிக்காரன், உடனே சரியாகிவிடுவான்.

சரணைச் செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.