நாலு இஞ்ச் மரியாதை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் சாப்பாட்டு மேஜையில் ஸ்பிரிங். தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு இவர் லிஃப்ட் கிட் படமாகப் பார்த்துத் தள்ளுகிறார். ஜீப்பின் உடம்பைச் சக்கரத்திலிருந்து இன்னும் மேலே தூக்கி நிறுத்துகிற சமாச்சாரம் அது. நீளமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், கூடவே பெரிய டயர். பாறையிலும் சேற்றிலும் போகிறவர்களுக்கு அடிப்பாகம் இடிக்காமல் இருக்க அது வேண்டியதுதான். எங்கள் ஜீப் எங்கே போகிறது? திங்கள் முதல் வெள்ளி வரை நான்தான் ஓட்டுகிறேன். ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. ஹைவேயை விட்டால் ஆஸ்பத்திரி பார்க்கிங், பார்க்கிங்கை விட்டால் ஹைவே. இந்த வண்டி இதுவரை பார்த்த ஒரே சேறு வாட்டர் வாஷ் கடைத் தரையில் கிடந்ததுதான்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

"ரோட்ல ஒரு கெத்து வேணாமா?"

இவருக்கு நாற்பத்தாறு வயது.

பிப்ரவரி 6, வெள்ளி

இவர் போனில் 'கரடுமுரடு' என்று ஒரு குரூப் இருக்கிறது. எல்லாரும் ஜீப்காரர்கள். ஒருத்தராவது தார் ரோட்டை விட்டுச் சக்கரத்தை இறக்கியிருப்பாரா என்பது சந்தேகம். டயரில் தூசி பட்டால் ஈரத்துணி தேடுகிற கூட்டம். அங்கே ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார், இரண்டு இஞ்சா நாலு இஞ்சா என்று. தினமும் ஓட்டுகிற என்னை யாரும் கேட்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்று ஓட்டுப் போட அதில் இடமும் இல்லை.

நானும் உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்காவது விஷயம் தெரிய வேண்டுமே. உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும், பக்கத்தில் லாரி கடந்தால் ஆடும், நிற்க அதிக தூரம் வேண்டும், டீசலைக் குடிக்கும். ஹைவேக்கு இருக்கிற உயரமே போதும். ஆசை அடங்கவில்லை என்றால் இரண்டு இஞ்ச், அதுவும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி ஹெட்லைட் வெளிச்சத்தைக் கீழே இறக்கிவைத்து. அவ்வளவுதான் சொன்னேன்.

"ரெண்டு இஞ்சுன்னா யாருக்குமே தெரியாதே!"

இப்படி ஒரு மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்?

மாமாவைப் பற்றியும் சொன்னேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கென்று மிச்சமிருப்பது சனிக்கிழமை மாலை ஒன்றுதான். முன்சீட்டில் உட்கார்ந்து ஏர்போர்ட் வேலி வரை போய், இறங்கி நின்று, விமானங்கள் தரை தொடுவதைப் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். அதற்காகக் காலையிலேயே ஷேவ் செய்துகொள்வார். இப்போதே கைப்பிடியைப் பிடித்து ஒரு மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார்.

"மாமா எப்படி ஏறுவாரு?"

"ஒரு ஃபுட்போர்டு மாட்டிக்கலாம். அப்பா என்ன குழந்தையா?"

பிப்ரவரி 12, வியாழன்

நாலு இஞ்ச்.

வண்டி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எத்தனை இஞ்ச் ஏத்துறீங்களோ அத்தனை மரியாதை மேடம்" என்றார். இவர் அதற்குச் சிரித்த சிரிப்பு! மரியாதையைக் கடையில் இஞ்ச் கணக்கில் வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

"ஹெட்லைட் இறக்கினீங்களா?" என்று கேட்டேன். அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை நான்தான் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டேன். வீட்டுக்கு வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தாயிற்று.

பிப்ரவரி 14, சனி

எழுதவே கூசுகிறது. ஃபுட்போர்டில் கால் வைத்தும் மாமாவால் இடுப்பைத் தூக்க முடியவில்லை. இவர் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினார், மூட்டை ஏற்றுவது மாதிரி. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உள்ளே விழுந்த மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு, "பரவாயில்லம்மா, ஏறிட்டேன்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏர்போர்ட் வேலியில் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வரும்போது எதிரே வந்த வண்டிகள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு டிப் அடித்தன. இவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? சல்யூட் அடிக்கிறாங்க. ஜீப் ஓட்டுறவங்களுக்குள்ள அது ஒரு பழக்கம்." பதிலுக்கு இவரும் ஒவ்வொருத்தருக்கும் ஹை பீம் போட்டு மரியாதை செய்துகொண்டே வந்தார்.

டிப் அடித்ததில் ஒன்று பால் லாரி. ஒன்று ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸும் ஜீப் சங்கத்தில் சேர்ந்துவிட்டதா?

"கண்ணு கூசுதுன்னு திட்டுறாங்கங்க."

"உனக்கு எதுல குத்தம் இல்ல?"

ராத்திரி சாப்பாட்டில் இந்தச் சல்யூட் கதையை மாமாவிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு, குரூப்பில் ஒரு தடவை சொன்னார். மாமா மோரைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

பிப்ரவரி 21, சனி

மாமா இன்று ஷேவ் செய்யவில்லை. "ஃப்ளைட் எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இறங்குது. பாத்தாச்சு."

"அப்பாவுக்கு போரடிச்சிருச்சு போல" என்கிறார் இவர். பெற்ற பிள்ளை!

பிப்ரவரி 24, செவ்வாய்

வயிற்றுவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்து படுத்தேன். எழுந்து வெளியே வந்தால், போர்ட்டிகோவில் ஜீப்புக்குப் பக்கத்தில் பாத்ரூம் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் மாமா நிற்கிறார். ஒரு கால் உள்ளே. இன்னொரு கால் வர மறுக்கிறது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். எத்தனை நாளாக இப்படி நாங்கள் கவனிக்காத நேரம் பார்த்துப் பழகுகிறாரோ.

என்னைப் பார்த்ததும், "கண்ணாடி தூசியா இருந்துச்சும்மா. தொடைக்கலாம்னு..."

கையில் துணி இல்லை. பிடித்து இறக்கிவிட்டேன். இந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாளைக்குக் காலையில் இதையேதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்



இன்று ராத்திரி ஏழரை மணிக்கு மாமாவுக்கு இடுப்பு செக்கப். ஜீப்பில் ஏற முடியாது என்று இவர் ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு போனார். ஜீப் என்னிடம். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில், செக்கப்புக்குப் போகாமல் பாதி வழியிலேயே அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். இவர் கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"எவனோ ஒரு பொறுக்கி! வானத்துல இருந்து லைட் அடிச்சிட்டு வர்றான். கண்ணே தெரியல. மூணு தடவ டிப் அடிச்சேன், கண்டுக்கவே இல்ல அந்த நாயி. வண்டிய மண்ணுல இறக்கிட்டேன். அப்பா தலை டேஷ்போர்டுல இடிச்சிருச்சு. அவன் மட்டும் கைல கெடச்சான்..."

"எங்க?"

"பால் பண்ணைப் பாலத்துக்கிட்ட."

ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பாலம் குறுகல். எனக்கும் அங்கே ஒரு சிவப்புக் கார் டிப் அடித்தது. நான் லோ பீமில்தான் வந்தேன். தினமும் எல்லாரும் அடிக்கிறதுதானே என்று வந்துவிட்டேன்.

வாசலைப் பார்த்தேன். சிவப்புக் கார்.

"நாந்தாங்க அது."

இவர் சோபாவில் உட்கார்ந்தார். மாமா என் கையிலிருந்து ஐஸை வாங்கித் தானே நெற்றியில் வைத்துக்கொண்டார்.

இவர்மேல் எவ்வளவு அருவருப்போ அவ்வளவு என்மேலும். கண் கூசும் என்று தெரியும். தெரிந்துதானே சாவியை எடுத்தேன்! எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தார் ரோட்டை விட்டு இறங்கிய வண்டி, வாடகைக்கு எடுத்த அந்தச் சின்னக் கார்.

பிப்ரவரி 27, வெள்ளி

பஸ்ஸில் வேலைக்குப் போனேன். இவர் சாப்பிடும்போது போனைத் தொடவில்லை.

பிப்ரவரி 28, சனி

காலையில் மாடிப்படிக்கு அடியிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளை இவரே இழுத்துப் போட்டார். நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு இஞ்சாவது விட்டு வைக்கட்டுமா?" என்கிறார்.

சீ! கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

மாமா இன்று காலையிலேயே ஷேவ் செய்துகொண்டார். சாயங்காலம் போர்ட்டிகோவுக்கு வந்து, பழைய உயரத்துக்கே இறங்கிவிட்ட ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார், ஒரு மூச்சு வாங்கினார், ஏறி உட்கார்ந்தார். கதவை அவரே சாத்திக்கொண்டார். இவர் ஓட்டினார், நான் பின்சீட்டில். ஏர்போர்ட் வேலியில் மாமா இறங்கி நின்று பார்த்தார். கடைசியாக வந்தது பெரிய விமானம் என்று அவருக்குத் திருப்தி.

திரும்பும்போது லேசாக இருட்டிவிட்டது. பால் பண்ணைப் பாலத்தில் எதிரே ஒரு ஜீப். உயரம், பெரிய டயர், வெளிச்சம் நேராக எங்கள் கண்ணில். இவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு டிப் அடித்தார். அவன் குஷியாகத் திருப்பி அடித்தான். இவர் மறுபடி அடித்தார். அவனும் மறுபடி அடித்தான்.

"அறிவு கெட்ட..." என்று இவர் ஆரம்பித்தார்.

மாமா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏண்டா திட்டுற? உனக்கு சல்யூட் அடிக்கிறான். கையத் தூக்கு."