கூரைக்கு மேலே ஒரு சத்தம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை. மகள் பல் பிடுங்கிக்கொண்டு முகம் வீங்கிக் கிடக்கிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

எனக்கு மறுபடியும் பேய்ப்படம்தான் வந்திருக்கிறது. என் ராசி அப்படி. பதினெட்டு வருஷமாகப் படங்களுக்குக் காலடி, கதவு, கண்ணாடி என்று சத்தம் செய்து கொடுத்ததில் ஒன்று புரிந்தது: ஊர் எதற்கு நடுங்குகிறதோ அதுதான் பேயாக வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தனியாக நடக்கிற பெண்ணைக் கண்டால் எல்லோருக்கும் பயம். எல்லாப் பேய்க்கும் கொலுசு கட்டிவிட்டோம். தொற்றுநோய் வந்த வருஷம் கொலுசு போச்சு, கதவுக்கு வெளியே இருமல் வேண்டும் என்றார்கள். இப்போதைய இயக்குநர் ஒரு தாடிக்காரர். கூரைக்கு மேலே ஏதோ ரீங்கரித்துக்கொண்டே நிற்கணும், கண்ணில் படவே கூடாது என்கிறார். பேய்க்கு எதுக்குப்பா ட்ரோன் சத்தம் என்று கேட்டேன். தினமும் செய்தியில் அதைத்தானே அக்கா பார்க்கிறோம், சனங்களுக்கு இப்போ வானத்தைப் பார்த்தால்தான் பயம் என்றார்.

மிக்ஸி, மின்விசிறி எல்லாம் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் நீங்கள் விட்டுப்போன எலக்ட்ரிக் ஷேவரை ஓடவிட்டுக் காலி பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, மைக்குக்குக் கிட்டேயும் தூரத்திலுமாக நகர்த்தினேன். இரண்டு நாள் மல்லுக்கட்டி, தலைக்கு மேலே வந்து அப்படியே நிற்கிற மாதிரி பிடித்துவிட்டேன். தாடிக்காரருக்கே புல்லரித்துப்போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் உங்கள் குரல் பதிவு வந்தது. சாப்பாடு பரவாயில்லை, சண்டை எங்கேயோ எல்லையில்தான், நீங்கள் ஜெனரேட்டர் பார்க்கிற ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லியிருந்தீர்கள். ஆசையாக ஸ்டூடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறீர்களே, அதற்குப் பின்னால் அது இருக்கிறது. கிட்டே வருகிறது. நிற்கிறது. நீங்களும் பேச்சை நிறுத்துகிறீர்கள். அப்புறம் இருமிவிட்டு மழையைப் பற்றி ஆரம்பிக்கிறீர்கள். ஜெனரேட்டர் சத்தம் என்று கதை விடாதீர்கள்; ஜெனரேட்டர் நகர்ந்து வராது. போயும் போயும் என் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தீர்களே!

வீட்டில் அதைப் போட்டுக் கேட்ட மகளும் அது என்னம்மா சத்தம் என்றாள். பைக் என்று சொல்லிவிட்டேன். இப்போது இந்தக் குடும்பத்தில் இரண்டு பொய்யர்கள்.

உங்களை விட்டால் அந்த ஜெனரேட்டருக்கு ஆளில்லை, தெரியும். அங்கே படுத்திருப்பவர்களுக்காகவும் யாராவது வீட்டில் காத்திருப்பார்கள், அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்: வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

வர முடியாதென்றால், இவளுக்குத்தான் எல்லாம் கேட்டுவிடுகிறதே என்று பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். எதையாவது பேசுங்கள். பொய்யே சொல்லுங்கள். ஆனால் தினமும் சொல்லுங்கள்.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கும்,
உங்கள் மனைவி