பெயர் சொல்லாத மனைவியும் வாய் திறக்காத கணவனும்

அனுப்புநர்:
மு. சிவசாமி,
தபால் பை தூக்குபவன்,
மேல்கணக்கு, கல்லுமலைத் தோட்டம்,
பொகவந்தலாவை.

பெறுநர்:
பிரஜாவுரிமை விசாரணை அதிகாரி ஐயா அவர்கள்,
நுவரெலியா.

விஷயம்: விசாரணையன்று என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது பற்றியும், மறுபடி விசாரிக்க இன்னொரு தவணை கேட்டும்.

கனம் பொருந்திய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் முன்னால் நின்று, கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு வியர்த்தவன் நான்தான். மைக்கூட்டைக் கவிழ்த்தவனும் நானே. தாங்கள் அன்போடு உட்காரச் சொன்னீர்கள். அது என் காதில் ஏறவில்லை. தங்கள் கந்தோர்மீதோ அங்கே வேலை செய்பவர்கள்மீதோ எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் முழுவதும் என் உடம்பின்மீதுதான்.

2. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட நாளிலிருந்து இந்த உடம்பு வருத்தம் இருக்கிறது. தோட்டத்துத் தபால் பையைக் கடைவீதியிலிருந்து மலைக்குத் தூக்கி வருவது என் வேலை. பையில் சர்க்கார் முத்திரையோடு நீள உறை ஒன்று இருந்தால் போதும், வயிறு கலக்கும், பிடரி இறுகும், நாக்கு வறளும். உறை பெரும்பாலும் வேறு யாருக்காவதுதான் வந்திருக்கும். ஆனாலும் தோட்டத்தார் எல்லோருடைய கவலையும் முதலில் என் வயிற்றில் இறங்கிவிட்டுத்தான் லயத்து வீடுகளுக்குப் போகிறது.

3. தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி ஐயா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு நோவு ஒண்ணும் இல்ல சிவசாமி, யோசனதான் கூடிப்போச்சு. மனசு பயந்தா வயிறு முந்திக்கிட்டு ஓடும்" என்றார். நான்கு வைத்தியம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும் என்றார். தபால் பைக்காரனிடம் அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பதைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன், எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று லயத்தில் பேச்சுக் கிளம்பியது. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொன்னார். ரோட்டு வளைவில் நின்று கண்ணை மூடி அப்படிச் செய்துகொண்டிருந்தபோது, எனக்கு வலிப்பு என்று நினைத்து பஸ்காரர்கள் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

நாலாவது வைத்தியம், மனதில் உள்ளதை வீட்டில் சொல்வது. அதை மட்டும் நான் செய்யவில்லை. ஆம்பிளை தன் பயத்தைப் பெண்சாதியிடம் சொல்வதா என்ற வீம்புதான் காரணம்.

4. அதனால் விசாரணையில் என்ன கேட்பார்கள் என்பதே என் மனைவி பேச்சியம்மாவுக்குத் தெரியாது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதும் தாங்கள் அவளைப் பார்த்து, புருஷன் பெயர் என்ன என்று கேட்டீர்கள். புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. என் பெயரில் சாமி இருக்கிற குற்றத்துக்காக, கோயிலில்கூட அவள் 'உள்ள இருக்கிறவங்களே' என்றுதான் கும்பிடுகிறாள். தங்களிடமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தா நிக்கிறாங்களே, அவுங்கதாங்க" என்றாள்.

தெரிந்த பெயரைச் சொல்லாத இரண்டு பேர் தங்கள் முன் நின்றோம். இவள் இவன் மனைவிதானா என்பது சந்தேகம் என்று எழுதினீர்கள். தங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

5. ஆனால் ஐயா, இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வரி அப்படியே நின்றால் எங்கள் மனு தள்ளப்படும். நானும் அவளும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாகிவிடுவோம். என் அப்பன் இந்த மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். இதே மலையில்தான் அவரைப் புதைத்தோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

6. வீடு திரும்பியதும் நாலாவது வைத்தியத்தைச் செய்தேன். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். இருவரும் அழுதோம். அன்று நான் நன்றாகத் தூங்கினேன். வயிறும் ஒரு வழிக்கு வந்தது. ஆனால் அவள் தூக்கம் போய்விட்டது. பிறகு அவளாகவே என் பெயரைச் சொல்லிப் பழக ஆரம்பித்தாள். கொழுந்து எடுக்கும்போது 'சி' என்று தொடங்கி நிறுத்திவிடுவாளாம்; பக்கத்து நிரைப் பெண்களுக்கு ஒரே சிரிப்பாம். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றபடி முழுப் பெயரையும் சொல்லிவிட்டாள். உடனே ஓடிப்போய் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி மன்னிப்பும் கேட்டாள்.

என் பெயர் அவ்வளவு நல்ல பெயர் என்று எனக்கு அதுவரை தெரியாது. விசாரணையன்று அடித்ததைவிட வேகமாக நெஞ்சு அடித்தது. மருந்துக்காரர் ஐயாவிடம் சொன்னேன். அந்தப் படபடப்புக்கு மருந்து தேவையில்லை என்கிறார்.

7. ஆகவே ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து எங்களுக்கு இன்னொரு தவணை கொடுக்க வேண்டும். அன்று மைக்கூட்டை என் கைக்கு எட்டாமல் வைத்து, ஒரு கோப்பை தண்ணீர் தந்தால் புண்ணியமாகும். மறுபடியும் நான் ஊமையாக நின்றால் அவளையே கேளுங்கள். அவள் சொல்வாள். அதனால் என் ஆயுசு கொஞ்சம் குறைந்தாலும் சரி, மிச்சத்தை ஒரு நாட்டுக்காரனாக வாழ்ந்துவிட்டுப் போகிறேன்.

இடம்: பொகவந்தலாவை
திகதி: 14.06.1955

தங்கள் பதிலுக்காகத் தபால் பையோடு காத்திருக்கும்,
(ஒப்பம்) மு. சிவசாமி

மேலே ஒப்பம் வச்சவங்க பேரு சிவசாமி. அவுங்க என் வீட்டுக்காரங்க.
பேச்சியம்மா, இடது பெருவிரல் கைநாட்டு