சாமி வந்த வண்டி

கீழ்பென்னாத்தூர்,
10.8.2025

அன்புத் தம்பி முருகவேலுக்கு, அக்கா கீதாஞ்சலி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. அரை மணி நேர பஸ் தூரத்தில், செங்கம் ரோட்டில் இருக்கிற தம்பிக்குத் தபால் எழுதும் அக்கா இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான். சாமியெல்லாம் வேறு நட்சத்திரத்திலிருந்து வந்ததாம், அதைக் கற்றுக்கொள்ள போனைப் பூட்டிவைத்து நாற்பது நாள் பயிற்சியாம். இதற்காகக் கூரியர் ஆபீஸ் வேலையையும் விட்டாயாமே, புத்தி இருக்கிறதா உனக்கு?

ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை கவிநிலாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேண்டும். முதல் நாள் அம்மாவுக்குப் பூவாடை. அம்மா பூவும் பொட்டுமாகப் போய் மூன்று வருஷம் ஆகிறது. கிணற்றங்கரையிலிருந்து அவளைக் கூப்பிட்டு, குடத்தில் வீட்டுக்கு அழைத்துவந்து, புடவை படைத்துக் கும்பிட்ட பிறகுதான் நல்ல காரியம் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். குடத்தைத் தூக்க வேண்டிய ஒரே மகன் நீ. இரண்டு தடவை நாள் குறித்தோம், இரண்டு தடவையும் நீ வரவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் உனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்.

கீதாஞ்சலி


திருவண்ணாமலை,
16.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபப்படாமல் படி. நம் மலைக் கதையையே எடுத்துக்கொள். அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூண் என்கிறோம். அது ஏன் ஒரு விண்கலமாக இருக்கக் கூடாது? அமெரிக்காவில் சைன்டாலஜி என்ற மதத்திலும், ஏழரைக் கோடி வருஷத்துக்கு முன்பு வேறு கிரகங்களிலிருந்து உயிர்களைக் கலத்தில் ஏற்றி இங்கே இறக்கியதாக ஒரு கதை உண்டாம். கடல் தாண்டியும் இப்படிச் சொல்கிறார்கள் என்றால் யோசிக்க வேண்டாமா?

எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு வீட்டுச் சாமியும் எங்கிருந்து வந்தது என்று திரட்டுகிறோம். இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பு. தேதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முருகவேல்


கீழ்பென்னாத்தூர்,
21.8.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ராக்கெட்ல வந்த சாமிக்கு எவன்டா பொங்கல் வெப்பான்?"னு கத்திவிட்டு, சாப்பிடாமல் கழனிக்குப் போய்விட்டார்.

ஏழரைக் கோடி வருஷக் கணக்கு தெரிகிறதே, உன் மருமகளுக்கு என்ன வயசு, சொல் பார்ப்போம்? ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் தோடு போட்டிருக்க, இவள் மட்டும் காதைத் தடவிக்கொண்டு "மாமா எப்பமா வருவாங்க?"னு கேட்கிறாள். வயிறு எரிகிறதடா.

படிவம் கேட்டாயே, இந்தா.

சாமியின் பெயர்: ரேணுகாம்பாள்.
வந்த இடம்: திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரி.
வந்த திசை: மேற்கு.
வந்த வாகனம்: ஆம்புலன்ஸ்.
ஒளி தெரிந்ததா: தெரிந்தது. தெருவே வெளியே வந்து பார்த்தது.
உடன் வந்தவர்: மகன் முருகவேல்.

இதற்கு மேல் உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கீதாஞ்சலி


திருவண்ணாமலை,
30.8.2025

அக்கா,

படிவத்தை நான் கொடுக்கவில்லை. அதில் ஒரு தப்பு இருக்கிறது.

உடன் வந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். நான் உடன் வரவில்லை. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். "பின்னாடி அம்மாகிட்ட உக்காருங்க தம்பி"னு அவர் சொன்னார். பயமாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா தனியாகத்தான் வந்தாள்.

எந்த முகத்தோடு கிணற்றங்கரையில் நின்று "வாம்மா" என்று கூப்பிடுவது? அதனால்தான் இரண்டு தடவையும் வரவில்லை. சாமியெல்லாம் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது என்று இவர்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா.

போனைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் வருகிறேன். அம்மாவுக்குப் பச்சையில் அரக்கு பார்டர் புடவை எடுத்துவிட்டேன். மாமா மடியில் உட்கார்ந்துகொண்டு கடிக்கக் கூடாது என்று கவிநிலாவிடம் சொல்லி வை.

குடத்தை நான் தூக்குகிறேன். வீடு வரை நீ என் பக்கத்திலேயே நட.

உன் தம்பி,
முருகவேல்